கடிபட்டவர் ஊசி போடவில்லை

நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறப்பர் பால் வெட்டுகிறேன். போன வருடம் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் தேடி எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொலிஸார் வந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்த என் நாய் மணி விடாமல் குரைத்தது. அவர்களில் ஒருவர் அதைச் சுட்டுவிட்டார்.

“விசர் நாய், என் கையைக் கடிச்சிருச்சு. உடனே புதைச்சிரு” என்று சிங்களத்தில் அதட்டினார். அதிகாரிகளிடம் பேச எனக்குக் கூச்சம். ‘சரி ஐயா’ என்பதற்கு “ஹரி மாத்தயா” என்று சொல்லிப் புதைத்துவிட்டேன்.

செய்தி கேட்டு, சில நாள் கழித்துச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

“விசர்னா, வெறிநோய் இருக்கான்னு பார்க்கத் தலையைப் பரிசோதனைக்கு அனுப்பணுமே, ஏன் புதைச்சீங்க?”

“பொலிஸ் மாத்தயா சொன்னாருங்க.”

பரிசோதகர் அங்கேயே நின்று பொலிஸுக்குப் போன் எடுத்தார். “சுட்டவர் கையில காயமே இல்லையாம். ஊசியும் போடலையாம்” என்றார்.

“கடிச்ச நாய்க்குக் குண்டு, கடிபட்டவருக்கு ஒரு ஊசிகூட இல்லீங்களா?” என்றாள் என் மனைவி. தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அழுகியிருக்கும் என்றார் பரிசோதகர்.

அந்தப் பொலிஸ்காரரைப் பஜாரில் கண்டால் இன்றும் என் கண் அவர் கைக்குத்தான் போகிறது. இப்போது வேறொரு நாய் வளர்க்கிறோம். ஜீப் சத்தம் கேட்டதும் அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். உங்கள் நாயை விசர் என்று சொல்லி யாராவது கொன்றால், எவ்வளவு அதட்டினாலும் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை புதைக்காதீர்கள்.