சாமுவேலின் அம்மா

விருத்தாசலம் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மகள் சுவரிலிருந்த ஓவியத்தைக் காட்டினாள்.

"மாதா இயேசுவைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வராங்களாம்மா?"

"இல்லடி. மாதா கூட்டிட்டு வர படத்துல இயேசு கைக்குழந்தையா இருப்பாரு. இவன் நடந்து வரான் பாரு. இவன் சாமுவேலு. கூட இருக்கறது அவன் அம்மா அன்னா. கடவுளுக்கு நேந்துக்கிட்டபடி அவனக் கோயில்லயே வுட்டு வளக்கக் கூட்டிட்டு வராங்க."

என் ஆறு வயதில் இதே ஓவியத்தின் முன் அம்மாவோடு நின்றிருந்தேன். அப்பா இறந்தபின் அம்மா பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போய், அந்த மண்தூசியில் தீராத இருமலை வாங்கிக்கொண்டிருந்தாள். என்னை வளர்க்க முடியாமல், மறுநாள் கடலூரில் ஒரு கன்னியர் விடுதியில் சேர்க்கவிருந்தாள்.

"சாமுவேலை அங்கயே வுட்டுட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"வருஷா வருஷம் புதுச்சட்டை தைச்சு எடுத்துக்கினு வந்து பாப்பாங்க."

"நீயும் வருவியா?"

"வராம இருப்பனா?"

இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கவுன் தைத்து எடுத்து வந்தாள். மூன்றாவது வருடம் பெரியம்மா வந்து என்னை அம்மாவின் அடக்கத்துக்கு அழைத்துப்போனார். கல்லறையிலிருந்து திரும்பியதும் ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தார்.

"படுக்கையில கெடந்துக்கினே கையால தைச்சாடி."

உள்ளே ஐந்து கவுன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பெரியது. இருப்பதிலேயே பெரியதைப் போட்டுக்கொண்டேன். அது தரையில் புரண்டது. யார் சொல்லியும் கழற்றவில்லை.

மகள் என் கையை இழுத்தாள். "அப்புறம் அந்தப் பையன் வூட்டுக்கே போகலையாம்மா?"

"இல்லடி," என்றேன். "அங்கயே வளந்துட்டான்."