கேஜ் அலமாரியில் இருந்த காமிக்ஸ்

மூன்று வாரமாக ஒரே காமிக்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினான்காம் பக்கத்தைத் தாண்டாமல் இருக்கிறேன். கதை மோசமில்லை. பாலைவனம், ஒரு குதிரைத் திருடன், அவனைத் துரத்திக்கொண்டு போகும் முழங்கால் வலிக்கார ஷெரிப். வழக்கமாக இப்படி ஒன்று பார்சலில் வந்தால் சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் படிப்பேன். இப்போது நாலு கட்டம் படிக்கிறேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன், மாடிக்குப் போய்க் காய்கிற துணியைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்பி வந்து அதே நாலு கட்டத்தைப் படிக்கிறேன்.

"இன்னா, புக்ல பூச்சி கீச்சி இருக்குதா? ஒரு எடத்துல உக்கார மாட்றீங்க" என்றாள் மனைவி.

பூச்சி புத்தகத்தில் இல்லை. என்னோடு வேலை செய்த சிநேகிதன் ஒருவன் என் தப்பால் தன் வேலையை இழந்திருந்தான். அதுதான் அரித்துக்கொண்டிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேரின் பைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியைக் கற்பனை செய்யாதீர்கள். மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, சரியாக இருந்தால் ரிப்போர்ட்டில் ஒரு டிக் போடுகிறவன். திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். காலை ஷிப்ட் எனக்கு. மதியம் இரண்டு மணி ஷிப்டில் அதே மேஜைக்கு வருகிறவன் அவன், எளாவூர்க்காரன், என் வயதுதான். ஒன்பது வருஷமாக கான்ட்ராக்ட். இந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு இருந்தது.

காமிக்ஸுக்கு சந்தா என் பெயரில், படிப்பது இரண்டு பேர். மாதம் ஒரு பார்சல். முதலில் நான் படிப்பேன். படித்த கதையைப் பற்றி அவன் முடிக்கும்வரை நான் மூச்சு விடக்கூடாது. எந்தப் பக்கத்தில் அசந்துபோய் நின்றேனோ அதன் மூலையில் பென்சிலால் ஒரு டிக் போடலாம், அவ்வளவுதான் சலுகை. அவனும் தன் பக்கங்களில் டிக் போட்டுத் திருப்பித் தருவான். இரண்டு மணிக்கு வருகை அட்டையை பஞ்ச் பண்ணும் வரிசையில் நான் வெளியே, அவன் உள்ளே. அந்தப் பத்து நிமிஷம்தான் எங்கள் விமர்சனக் கூட்டம்.

"இன்னா நைனா, அந்த மழை பக்கத்துக்கு டிக் போடாம உட்டுட்ட? கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?" என்பான்.

அவன் சொன்னது சரி. அந்த மழையை வரைந்தவர் வெறும் கறுப்புக் கோடுகளில் ஒரு ஊரையே நனைத்திருந்தார். கறுப்பு வெள்ளைதான் காமிக்ஸ் என்பதில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. இப்போது பழைய கதைகளுக்கெல்லாம் கலர் பூசி, கெட்டி அட்டை போட்டு விடுகிறார்கள். வில்லன் மூஞ்சி மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி இருக்கிறது. துப்பாக்கி எடுக்கும்போதுகூட பயம் வருவதில்லை.

சினிமாவும் அப்படித்தான். எங்களுக்கு வாரலீவு வேறு வேறு நாள் என்பதால் ஒரே படத்தைத் தனித்தனியாகப் பார்ப்போம். சூப்பர் ஹீரோ படம் என்றால் தமிழ் டப்பிங்கில்தான். வேற்றுக்கிரகவாசி ராயபுரத்து பாஷையில் நக்கல் அடிப்பதைக் கேட்கவே காசு கொடுக்கலாம். ஆனால் கதை? சமீபத்தில் வந்த எல்லாவற்றிலும் ஒரு பிரபஞ்சம் போதாமல் நாலைந்து பிரபஞ்சம். செத்தவன் பக்கத்துப் பிரபஞ்சத்திலிருந்து சிரித்துக்கொண்டே வருகிறான். யாரும் நிஜமாகச் சாவதில்லை என்றால் நான் எதற்கு சீட்டு நுனியில் உட்கார வேண்டும்? பாதிக் கதையில் நிறுத்தி, மீதி இரண்டாம் பாகத்தில் என்கிறார்கள். பெயர்ப் பட்டியலெல்லாம் ஓடி முடிந்தபிறகு கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வைக்கிறார்கள். திருவள்ளூர் தியேட்டரில் அது வருவதற்குள் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, பாப்கார்ன் பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள். விளக்குமாற்றுக்குக் காலைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்த முக்கியமான காட்சிகள் எனக்கு நிறைய உண்டு.

இவ்வளவு குறை சொல்கிறவன் முதல் நாளே ஓடுவேன் என்பதுதான் கேவலம். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஓடினேன். நாலு மணி ஆட்டத்துக்கு டிக்கெட் போட்டிருந்தேன். பஸ்ஸில் முன்சீட்டு பிடித்தால்தான் இறங்கி ஓடச் சரியாக இருக்கும். அன்றைக்கு அவன் வரிசைக்கு வர இரண்டு நிமிஷம் தாமதம். புத்தகம் என் பையில் இருந்தது. கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வேலை நடக்கும் ஷாப்பில் எதையும் வைக்கக்கூடாது என்று வழக்கத்தை உண்டாக்கியதே நான்தான். அளவு பார்க்கும் இடத்தில் செல்போன், செய்தித்தாள் எதுவும் கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பு. அன்றைக்கு நான் திரும்ப உள்ளே போய், அளவுக் கருவிகள் வைக்கும் கேஜ் அலமாரியின் கீழ் டிராயரில், ரிப்போர்ட் ஃபைலுக்கு அடியில் புத்தகத்தைச் செருகிவிட்டு ஓடினேன். பஸ்ஸிலிருந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன். அவன் செல் ஏற்கெனவே செக்யூரிட்டி பெட்டிக்குள் போயிருந்தது.

அன்றைக்குப் பார்த்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட். ஆடிட்டர் டிராயரைத் திறந்தார். முகமூடி போட்ட ஒருத்தன் குதிரைமேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த நேரம் எனக்கு இடைவேளை. சமோசா தின்றுகொண்டிருந்திருப்பேன். படமும் தண்டம்.

இது யாருடையது என்று கேட்டபோது, "என்னுதுதான் சார்" என்று அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை எனக்கு விஷயம் தெரிந்தது. எழுதிக் கொடுக்கச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்கள். மேஜையில் உட்கார்ந்து அளந்தேன். ஒரே ஷாஃப்ட்டை மூன்று தடவை அளந்தேன். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று டீ நேரத்தில் எழுந்தேன், டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் என்றேன். நான் பர்மனென்ட், மெமோவோடு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உடம்பு நகரவில்லை. பதினாறு வருஷமாக என் ஃபைலில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அந்த வெள்ளைக் காகிதத்தின்மேல் எனக்கு இருந்த ஆசையை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. இரண்டு மணிக்குப் பஞ்ச் பண்ணினேன், பஸ் ஏறினேன்.

அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன் செய்தேன். புத்தகத்தைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. "படம் எப்படி? சொல்லிடாத, நான் பாக்கணும்" என்றான். தண்டம் என்றுகூட நான் சொல்லவில்லை. வழக்கத்தை அங்கே மட்டும் காப்பாற்றினேன்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் போட்டாலும் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் ஒரே எரிச்சல். முகமூடிக்காரன் எல்லாப் படத்திலும் கடைசியில் முகமூடியைக் கழற்றுகிறான். பின்னணியில் வயலின் வாசிக்கிறார்கள், ஊரே கை தட்டுகிறது. அவனை யாரும் விளக்கக் கடிதம் எழுதச் சொல்வதில்லை. ஊரைக் காப்பாற்றுகிற கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. கதவைத் தட்டி உள்ளே போய் மூன்று வார்த்தை சொல்கிறவனைப் பற்றி யாராவது முப்பத்திரண்டு பக்கம் வரைந்தால் இப்போது நான் வாங்குவேன்.

மனைவியிடம் ஒரு நாள் நாஷ்டா சாப்பிடும்போது உளறிவிட்டேன். அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க புக்குக்கு அவுரு ஊட்ல குந்திக்கினு கீறாரு. நீங்க தெனம் டிபன் கட்டிக்கினு பஸ் ஏறுறீங்க" என்றாள். அன்று டிபன் பாக்ஸை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, நானே கட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே மேனேஜர் அறைக்குப் போனேன். சம்பவம் நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "சார், அந்த புக் என்னுது" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை விரித்து என் பக்கம் தள்ளினார். மூலையில் என் பென்சில் டிக்.

"இந்த டிக் யாருதுன்னு எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா ரிப்போர்ட்ல பாக்கறேன். ஆனா அவரு எழுதிக் குடுத்துட்டாரே, கையெழுத்தோட. இப்ப நீங்க வந்து என்னுதுன்னா, அவரு பொய் எழுதினாருன்னு ஆயிடும். அவருக்கு அது இன்னும் பேஜாரு. கான்ட்ராக்டர் வேற எடத்துல சேத்துட்டான். விடுங்க."

விட்டேன். வெளியே வந்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பயனில்லை. சொல்லியாயிற்று, ஃபைலும் வெள்ளையாகவே இருக்கிறது என்று ஒரு சின்ன நிம்மதி. கேன்டீன் வரைக்கும் அது இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எளாவூர் போனேன். செக்போஸ்ட்டில் வழக்கம்போல லாரிகள் வரிசைகட்டி நின்றன. வீட்டில் இருந்தான். வேறொரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. அளவு பார்க்கிற வேலை இனிமேல் வராது, பர்மனென்ட் பேச்சும் அதோடு போயிற்று. பொருளைத் தொடும்போதே அளவு கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடும் அந்த விரல்களில் சாக்கு உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தான். புத்தகத்தை நீட்டினேன்.

"நீ முட்ச்சிட்டியா?"

"இல்ல."

"அப்ப நீ படி மொதல்ல" என்று திருப்பிக் கொடுத்தான்.

மேனேஜரைப் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் டிக்கைக் கண்டுபிடித்ததையும், ஆனால் இனிமேல் மாற்றினால் அவனுக்குத்தான் கெடுதல் என்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டான். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கெயம ஆடிட்டர் நின்னுக்கினு இருக்கான், உன் பேர எப்புடி சொல்றது? சமாளிக்கறதுக்கு என்னுதுன்னேன். மறுநாள் காத்தாலயே வரச் சொல்லி லெட்டர் எழுத வெச்சாங்கோ. எழுதிட்டு கையெழுத்து போடாம குந்திக்கினு இருந்தேன். ரெண்டு மணி வரிக்கும் டைம் குடுன்னு கேட்டேன்."

"ரெண்டு மணி ஏன்?"

"நீ வருவன்னுதான்."

ஆபீஸ் கண்ணாடிக்கு நேர் எதிரேதான் பஞ்ச் பண்ணும் வரிசை. நான் அன்றைக்கு எந்தப் பக்கமும் திரும்பாமல் வரிசையில் நின்று, பஞ்ச் பண்ணி, பஸ்ஸில் ஏறியதை அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்திருக்கிறான். பஸ் கேட்டைத் தாண்டியபிறகுதான் பேனாவைத் திறந்திருக்கிறான்.