நர்ஸ் சாப்பிடட்டும் என்று பொறுத்தேன்

புற்றுநோயால் என் கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எடுத்த எலும்பையும் தோலையும் வைத்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் சீரமைத்தார்கள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. கன்னத்தில் தைத்த தோல் இறுகினாலோ நிறம் மாறினாலோ உடனே மணியடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மதியம், பார்வையாளர் நேரம். எல்லாக் கட்டில்களைச் சுற்றியும் ஆட்கள். என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. கன்னம் இறுகத் தொடங்கியது. மணியில் கை வைத்தபோதுதான் நர்ஸ் டிபன் பாக்ஸைத் திறந்தார். சோற்றில் கை வைத்தவரை எழுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. "ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார். தலையாட்டினேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் தற்செயலாகத் திரும்பி, "சிஸ்டர், இவங்க கன்னம் கறுத்துப்போச்சுங்க!" என்று கத்தினார். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் வைத்த எலும்பே செத்துப்போயிருக்குமாம்.

"சோறு ஆறுனா ஆறிட்டுப் போகுதுங்க. எதுக்குங்கம்மா தலையாட்டுனீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டார் நர்ஸ்.

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாடை இறுகாமலிருக்க நிறையப் பேசச் சொல்கிறார் டாக்டர். வீட்டில் நான் மட்டும்தான். கொடுமுடியிலிருந்து அக்கா போனில், "நல்லா இருக்கறயா கண்ணு?" என்றால் முன்பெல்லாம் 'ம்' என்பேன். இப்போது, "இல்லீங்க்கா, தனியா இருக்க முடியலீங்க்கா" என்று சொல்லிவிடுகிறேன். அக்கா, என்ன சாப்பிட்டேன் என்பது வரை கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் போனை வைப்பதில்லை.