வளராத தட்டுகள்

கண்ணாடிக் குடுவைகளை அக்காதான் கழுவிக்கொண்டிருந்தாள். பதினாறு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்ப்பவள். நேற்று வந்தவர்கள் உட்பட எல்லாருக்கும் அக்கா. கழுவுவது அவள் வேலையில்லை. சோப்பு ஒட்டிய குடுவையில் வளர்த்துத்தான் பாக்டீரியாவைச் சாகடிக்கிறாள் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொன்ன நாளிலிருந்து, அடுத்தவர் கழுவியதை அவள் தொடுவதில்லை.

பாக்டீரியாவின் ஒரு பெரிய மரபணுவில், அதன் டி.என்.ஏ. வரிசையில், ஒரே ஓர் எழுத்தை மாற்றச் சொல்லியிருந்தார்கள். அடையாளத்துக்காக மட்டும், மாற்றினாலும் அந்த மரபணு செய்யும் புரதம் மாறாது. ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் பாக்டீரியா வளரவே மாட்டேன் என்றது. எட்டு மாதத்தில் பத்தொன்பது முறை. ஒவ்வொரு முறையும் வளர்ப்புத் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கிடங்குக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் கணவர் கடிகாரம் மாட்ட ஆணி அடித்தார். பக்கத்து வீட்டம்மா வந்து, தன் பக்கம் காரை பெயர்ந்து பாலில் விழுந்ததாகச் சண்டை பிடித்துவிட்டுப் போனாள்.

"நம்ம சுவர்லதானே அடிச்சேன்" என்று கணவர் முனகினார்.

"அது அவங்க சுவரும்தான்" என்றவள், அவரிடமிருந்து வாங்கிய சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் அந்த பாக்டீரியாவின் நெருங்கிய உறவான முப்பது வகைகளின் எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். பாதகமில்லாத இடங்களில் எழுத்துகள் இஷ்டத்துக்கு மாறியிருந்தன. ஒரு துண்டில் மட்டும் ஒன்றுகூட மாறவில்லை. மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் படிப்பார்கள்; அந்தத் துண்டையே ஓர் எழுத்து தள்ளித் தொடங்கிப் படித்தால் உள்ளே இன்னொரு சின்ன மரபணு. அதில் மாறுதல் வந்தவை எல்லாம் அழிந்திருக்கும். பிழைத்தவைதான் இந்த முப்பதும். அவள் மாற்றிய எழுத்து அதன் நடுவில் இருந்தது.

அந்த வரிசையை அச்சடித்த தாளைத் தலைவரிடம் நீட்டினாள். கணினி அங்கே எதையும் காட்டவில்லையே என்றார். இரண்டு மரபணு ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் சிறியதைக் கழித்துவிடும்படி அதற்குச் சொல்லிவைத்ததே அவர்தான்.

"இருந்தா காட்டியிருக்கும்மா. உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும், அவ்வளவுதான்."

"ஓய்வைக் கிடங்குல எடுத்துக்கறேன் சார். எழுத்து மாத்தாத பாக்டீரியாவையும் அதே குடுவையிலதான் வளர்த்தேன். அது மட்டும் எப்படி வளருது? அதுக்கு சோப்பு பிடிக்குமோ?"

தலைவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொல்லி எழுந்தவர், தாளை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே போனார்.