மூன்று இடத்தில் இருந்த சின்னுசாமி

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்படிக் குண்டூர் நாட்டுச் சின்னுசாமிக்கு முப்பத்துநான்கு வயது. மூன்று ஏக்கர் மிளகு, ஒரு பைக், பெண் பார்த்துச் சலித்துப்போன பாப்பாயி என்றொரு அம்மா. திருமணத் தகவல் மையத்தில் பதிந்து மூன்று வருடம் ஆகியும் ஒரு வீட்டாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவழியாக உறவிலேயே, வாழவந்தி நாட்டுக் கோகிலாவோடு நிச்சயம் முடிந்தது.

அதன் பிறகுதான் அவருக்குக் கிராக்கி வந்தது.

மையத்துக்கு இரண்டு கிளை: சோளக்காட்டில் ஒரு கம்ப்யூட்டர், வாழவந்தி நாட்டில் ஒரு கம்ப்யூட்டர். மலையில் நெட் தன் இஷ்டத்துக்கு வந்து போகும் என்பதால், தகவல் பஸ்ஸில் போய்வந்தது. கண்டக்டரின் தோல்பையில் ஒரு பென் டிரைவ். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற, மற்றொன்றில் இல்லாத பெயரெல்லாம் அதன் வழியே போய்ச் சேர்ந்துகொள்ளும். நல்ல ஏற்பாடுதான். சேர்க்கத் தெரிந்த அந்த ஏற்பாட்டுக்கு அழிக்க மட்டும் தெரியாது.

நிச்சயம் முடிந்ததும் சோளக்காட்டுக் கிளையைக் கவனிக்கும் ருக்குமணி அவர் பெயரை அழித்தார். மத்தியான பஸ் வந்தது. ‘இங்கே ஒருத்தர் குறைகிறாரே’ என்று கம்ப்யூட்டர் கவலைப்பட்டு, சின்னுசாமியைப் புதுவரவாகப் பட்டியலின் உச்சியில் வைத்தது. மூன்று வருடம் அடியில் கிடந்தவர் முதல் ஆளானார். புதன்கிழமையே ஒரு குடும்பம் மாப்பிள்ளை வீடு பார்க்க ஜீப்பில் வந்து இறங்கியது.

சின்னுசாமி வாழவந்தி நாட்டுக்குப் போய் அங்கேயும் அழிக்கச் சொன்னார். சோளக்காட்டுச் சின்னுசாமி பஸ் ஏறிப்போய் அங்கே உட்கார்ந்தார். பிறகு ஒரே காலையில் இரண்டு இடத்திலும் அழித்தார்கள். கண்டக்டர் பையில் இருந்த மூன்றாவது சின்னுசாமி சாவகாசமாக இறங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் புதுவரவு. ஒவ்வொரு புதனும் ஒரு ஜீப். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதென்று பாப்பாயி காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தது நிலைமையைச் சீராக்கவில்லை.

சேதி கோகிலாவின் அப்பா குழந்தைசாமிக்குப் போனது. நேரில் வந்தார்; உட்காரவில்லை.

“ஏனுங்க மாப்ள, எம்புள்ளைய நிச்சயம் பண்ணிப்போட்டு இன்னும் எத்தனை ஊட்டுக்காரங்களுக்குக் காப்பி குடுக்கறதா உத்தேசம்? வர்ற புதன்கெழம இன்னொரு ஜீப் வந்துச்சுன்னா, தட்டைத் திருப்பி அனுப்பிருவேன்.”

கம்ப்யூட்டர்மேல் பழி போட்டார் சின்னுசாமி. மலையில் அதுவரை யாரும் சொல்லாத சாக்கு, ஆகவே எடுபடவில்லை.

திங்கட்கிழமை கோகிலாவே சோளக்காட்டில் இறங்கினாள். பின்னால், நனைந்த கோழி மாதிரி சின்னுசாமி. நடந்ததையெல்லாம் ருக்குமணி விளக்க, பொறுமையாகக் கேட்டாள்.

“அழிச்சாத்தானுங்க அக்கா திரும்பி வருது? திருத்துனா?”

“திருத்துனது போகும் கண்ணு. எது கடைசியா எழுதுனதோ அதுதான் ரெண்டு பக்கமும் நிக்கும்.”

“அப்ப அவுரு இருந்துட்டுப் போகட்டும். எதிர்பார்ப்புன்னு ஒரு கட்டம் இருக்குதில்லீங்க, அதைத் திறங்க.”

அதில் சின்னுசாமி மூன்று வருடம் முன்பு சொல்லிவைத்தது இருந்தது: சிவப்பு நிறம், பட்டப்படிப்பு, அதிர்ந்து பேசாத குணம். கோகிலா ஒருமுறை படித்தாள். சின்னுசாமி ஜன்னலுக்கு வெளியே அன்னாசிப்பழக் குவியலைப் பார்த்தார். அவள் சொல்லச் சொல்ல, ருக்குமணி மூன்றையும் எடுத்துவிட்டு அடித்தார்: ‘வாழவந்தி நாடு குழந்தைசாமி மகள் கோகிலா மட்டும்.’

மத்தியான பஸ்ஸில் அது புறப்பட்டது.

புதன்கிழமை ஜீப் வரவில்லை. பழக்கதோஷத்தில் வாங்கிவைத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பாப்பாயி மகனிடம் கொடுத்து, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். குழந்தைசாமி வாங்கிக்கொண்டு, உட்காரச் சொன்னார். காப்பி கோகிலா கொண்டுவந்தாள்; கொஞ்சம் அதிர்ந்துதான் பேசினாள்.