இரண்டு முறை பெயிண்ட் அடித்த லாரி

கியர்பாக்ஸ் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். லாரி கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கியர்பாக்ஸ் கழற்றி மாட்டிய ஆள். மூக்குக்கு மேலே கோபம். காகம் கத்தினால்கூட எதிர்த்துக் கத்துவார்.

வேலை முடிந்து வீட்டோடு இருந்தபோது பழைய லாரிகளைக் குட்டியாகச் செய்யப் பழகினார். எல்லாம் கடையில் உதிரியாகப் பெட்டியில் வரும். பிளாஸ்டிக் துண்டுகள் சட்டம் சட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு தேய்த்து, பசை தொட்டு ஒட்டினால், மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரி ஒன்றரைச் சாணில் எழுந்து நிற்கும். பதினோரு லாரி செய்து அலமாரியில் வைத்திருந்தார். மனைவி பாத்திரம் வைக்க இடமில்லை.

ஒருநாள் சின்ன முதலாளி ஆள் அனுப்பினான். புது ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறானாம். அப்பா காலத்து லாரி ஒன்று அதில் நிற்க வேண்டுமாம். கியர்பாக்ஸ் உடனே சரி என்றார். மனைவிக்கே சந்தேகம் வந்தது, அந்தக் கம்பெனிப் பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிற மனுஷன் ஆயிற்றே.

விஷயம் இதுதான். கியர்பாக்ஸுக்கு ஒரே அண்ணன். அதே கம்பெனியில் டிரைவர். வெற்றிலைகூடப் போடாத மனுஷன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இறக்கத்து வளைவில் அவர் ஓட்டிய லாரி இடது பக்கம் சாய்ந்து சாலையோரக் கரையில் மோதியது. முழங்கை உடைந்தது, லைசென்ஸ் போனது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று பெரிய முதலாளி எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊர் வாயில் அண்ணன் குடிகாரன். அவர் மகளைப் பெண் கேட்டு வந்த சொந்த அத்தை மகனே திரும்பிப் போனான்.

உண்மையில் பாரம் தாங்குகிற இடது பின் ஸ்பிரிங் பட்டை முதல் நாளே விரிசல் விட்டிருந்தது. "இந்த ஒரு டிரிப்புக்குக் கம்பி கட்டி விடு" என்று முதலாளி சொன்னார். அதன் மேல் ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றினார். கம்பியைக் கட்டிய கை கியர்பாக்ஸுடையது. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் மூடியதுதான்.

அதனால்தான் இந்த லாரியை எட்டு மாதம் செய்தார். அன்று காலை ஷெட்டிலிருந்து எப்படிக் கிளம்பியதோ அப்படி. மொட்டை டயர், கதவில் துரு, அளவுக்கு மீறிய மூட்டை, இடது பக்கம் ஒரு நெல்மணி அளவு சாய்வு. ஸ்பிரிங் பட்டையில் பழைய சார்ஜர் ஒயரிலிருந்து உருவிய மூன்று கம்பி. வாய் சொல்லாததைக் கண்ணாடிப் பெட்டி சொல்லட்டும் என்று நினைத்தார்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போனார். திரும்பி வந்தால் மேஜை மேல் லாரி நெருப்பாகச் சிவந்து நிற்கிறது. பக்கத்தில் மனைவியின் தம்பி, லாரி பெயிண்டர், கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"எப்படி மாமா? அக்கா நாளைக்கு ஆபீஸ் போற வண்டின்னு சொல்லுச்சு. இந்தத் துருவோட போனா நம்ம மானம்தானே போகும்? பட்டி பார்த்து ரெண்டு கோட்டு அடிச்சிட்டேன்."

"கம்பி எங்கடா?"

"எந்தக் கம்பி? ஓ, ஸ்பிரிங்ல சுத்தியிருந்துச்சே, அந்தக் குப்பையா? அறுத்துப் போட்டேன். ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு, அடியில ரப்பர் வச்சு நிமித்திட்டேன். உங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு அப்பவே..."

கையில் இருந்த மருந்துப் பை சுவரில் போய் விழுந்தது.

"உன் கையில கட்டி வர! உனக்குக் கண்ணுல பட்டதெல்லாம் பெயிண்ட் அடிக்கணுமா? என் மூஞ்சியிலயும் ரெண்டு கோட்டு அடிச்சிட்டுப் போடா!"

"ஏங்க, ஆசையா செஞ்சிருக்கான்..." என்றாள் மனைவி.

"நீ பேசாத! தம்பியாம் தம்பி! அன்னைக்கும் இவன்தான் அடிச்சான், இன்னைக்கும் இவன்தான் அடிக்கிறான்!"

பெயிண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னைக்கு மாமா?"

"அண்ணன் வண்டி ஷெட்டுக்கு வந்த அன்னைக்கு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி பின்பக்கம் மட்டும் கறுப்பு அடிச்சியே, யாரு சொல்லி?"

"முதலாளி புது ஸ்பிரிங் மாட்டச் சொன்னாரு. பழசுல ஒட்டியிருந்த கம்பிய நான்தான் அறுத்தேன். புதுசு பளிச்சுன்னு தனியாத் தெரியுது, மொத்தமா கறுப்பு அடின்னாரு. அடிச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஐயோ மாமா. அப்ப பெரிய மாமா குடிக்கலையா?"

ஓடிப்போய்த் தின்னர் டப்பாவைத் திறந்தான். "இருங்க, பெயிண்டக் கரைச்சு எடுத்துடறேன்."

"எடுடா, எடு! பெயிண்டோட லாரியும் உருகி வழியும். இது தகரம்னு நெனச்சியா? பிளாஸ்டிக்குடா, மடையா!"

டப்பாவை மூடினான். எட்டு மாத வேலையைத் திருப்பி எடுக்க இனி வழியில்லை. மாடியில்தான் அண்ணன் குடியிருக்கிறார். இத்தனை சத்தம் கேட்டு அவரே இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்னடா தெருவே சிரிக்குது?"

பெயிண்டர் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னான். கறுப்புப் பெயிண்டையும் சொன்னான், அறுத்த கம்பியையும் சொன்னான். அண்ணன் கடைசிவரை கேட்டார். பிறகு கியர்பாக்ஸ் பக்கம் திரும்பினார்.

"கம்பியக் கட்டினது யாரு?"

கியர்பாக்ஸின் கோபம் முழுக்க எங்கோ இறங்கிப் போனது. "நான்தான்ணே."

"இருபத்தாறு வருஷம்." அண்ணன் குரல் ஏறவில்லை. "கீழ் வீட்டுல உக்காந்துக்கிட்டு, என் கூடவே சாப்பிட்டுக்கிட்டு. எவனாவது என்னைக் குடிகாரன்னா அவன் சட்டையப் பிடிச்சியேடா. அப்பக்கூட வாய் தொறக்கலையே."

"வேலை போயிடும்னு..."

"என் வேலை போச்சேடா!"

அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கியர்பாக்ஸின் திட்டத் தெரிந்த வாய்க்குத் திட்டு வாங்கத் தெரியவில்லை.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டார். லாரியைத் தானே தூக்கிக்கொண்டார். உடைந்து கூடிய முழங்கை முழுதாக மடங்காது, அதனால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நாளைக்கு என்ன நாளைக்கு? நடங்கடா ரெண்டு பேரும்."

ஆபீஸில் சின்ன முதலாளி எழுந்து வந்தான். "அடடே, புது வண்டி மாதிரியே இருக்கே!" என்று இரண்டு கையையும் நீட்டினான். பின்னால் கிளார்க்குகள் வேடிக்கை பார்த்தார்கள்.

அண்ணன் லாரியைக் கொடுக்கவில்லை.

"இருங்க தம்பி. மொதல்ல இவனுங்க சொல்றதக் கேளுங்க. உங்கப்பா இருந்திருந்தா அவர்கிட்டதான் வந்திருப்பேன்." கியர்பாக்ஸின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "சொல்லுடா. இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கணும்."

கியர்பாக்ஸ் கிளார்க்குகள் பக்கமும் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கு அண்ணன் வண்டி ஸ்பிரிங்ல கம்பியக் கட்டினவன் நான்" என்று ஆரம்பித்தார்.