சுண்ணாம்புக்குள் இருந்த வெடிப்பு

பினாங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு விலைக்கு வந்திருக்கிறது. பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம், வீட்டுக்காரச் சீன அம்மா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வீடு திறந்து கிடக்கிறது. வந்தவர்கள் மாடிக்கும் கீழுக்குமாக நடக்கிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ சண்டை போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். வந்தவர்கள் போன பிறகு காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, அந்த வீட்டைக் காட்டி, என்ன சங்கதி என்று கையால் கேட்டேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வீடு வாங்க வந்தவள் என்று என்னை எண்ணிவிட்டார். அறை அறையாகக் காட்டினார். மாடியில் ஒழுகுகிற இடத்துக்கு நேராக ஒரு தகரச் சட்டி இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி மறைக்காமல், விரலால் தட்டி, மேலே கூரையையும் காட்டிச் சிரித்தார். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரர் கூடவே நின்றால் பார்க்க வந்தவர்கள் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள், அதனால்தான் இங்கே விலகிப் போகிறார்கள் என்று சாயங்காலம் என் மகன் விளக்கினான். நல்ல வழக்கம்தான். ஆனால் நம் பக்கத்துப் பெண்களுக்கு அது தேவைப்படாது.

ஊரில், திருச்சுழி போகிற பாதையில் இருந்த என் வீட்டை என் வீட்டுக்காரர் கட்டினார். கரிசலைத் தோண்டித் தோண்டி, அடியில் சுக்கான் பாறை தட்டிய பிறகுதான் முதல் கல்லை வைக்கவிட்டார். அவர் போன பிறகும் நான் ஒருத்தியாக அந்த வீட்டை ஆண்டேன். ஜப்பான்காரன் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் மகன் வந்து நின்றான், என்னைக் கூட்டிப்போக. வீட்டை ஒரு நல்ல கையில் ஒப்படைக்காமல் வரமாட்டேன் என்றேன். கரிசலில் பூட்டிப்போட்ட வீடு எத்தனை மழை தாங்கும்? அவனுக்கோ கப்பலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் அவன் மறுபடி லீவு வாங்கி வரும்வரை நான் இருப்பேனா என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தரகர் பேச்சிமுத்து வந்தார். அது கோடைக்காலம். கரிசல் காய்ந்து வாய் பிளக்கிற காலத்தில் நம் சுவர்களும் கூடவே வெடிப்பு விடும், மழை பெய்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பது நமக்குப் புதிதில்லை. என் வீட்டுக் கூடத்துச் சுவரிலும் ஒரு வெடிப்பு உண்டு. அதைப் பூசி, வீடு முழுக்க வெள்ளையடித்தால் பார்த்தவுடன் விலை படிந்துவிடும் என்று தரகர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மகன் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தேன். ஆள் வந்தது, மண்ணையும் சுண்ணாம்பையும் அப்பிவிட்டுப் போயிற்று. வீடு கல்யாணப் பெண் மாதிரி இருப்பதாகத் தரகர் மெச்சிக்கொண்டார்.

பாளையம்பட்டியிலிருந்து தறிக்காரக் குடும்பம் ஒன்று பார்க்க வந்தது. வெங்கம்மா என்று பெயர், வீட்டைத் தீர்மானிக்கிறவள் அவள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கூட வந்த நாத்தனாரிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். அதை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். கிணற்றில் இறைத்து ஒரு வாய் குடித்து, இன்னொரு வாய் கொப்பளித்துப் பார்த்தாள். தறிக்குழி தோண்டப்போகிற மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெளிச்சம் கைக்கு வருகிறதா என்று, இல்லாத தறியில் கையை வீசிப் பார்த்தாள். பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தாள். ஓர் இடத்தில் சத்தம் பொத்தென்று விழுந்தது. கை நின்றது.

"இங்ஙன என்னத்த மூடி வச்சிருக்கீக?"

ஒன்றுமில்லை, புது வீடு மாதிரி என்று தரகர் குறுக்கே வந்தார்.

"எங்க வீட்லயும் வெடிக்கும், ஒம்ம வீட்லயும் வெடிக்கும். வெடிக்காத வீட்ட எங்கயிருந்துய்யா கொண்டாந்தீரு?"

சொல்லிவிட்டு நாத்தனாருக்குக் கண்ணைக் காட்டி, சேலையைச் சொருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அடுப்படிக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தேன். தரகர் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"ஏய்யா, அருவா ஒமக்கு இல்லய்யா," என்று வெங்கம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

புதுப் பூச்சைச் சுரண்டினேன். கட்டி கட்டியாக விழுந்தது. மேலிருந்து கீழ்வரை அந்த வெடிப்பு வெளியே வந்தது. அவள் திரும்பி வந்து அதற்குள் சுண்டுவிரலை விட்டு, மேலே கொஞ்சதூரம், கீழே கொஞ்சதூரம் தடவிக்கொண்டு போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற கை மாதிரி இருந்தது.

"அடி எதுல நிக்கிதுக்கா?"

"சுக்கான்ல தாயி. எங்க வீட்டுக்காரவுக நின்னு தோண்ட வச்சது."

"பெறகு இத எதுக்கு மூடுனீக? ஐப்பசி மழைக்கு அதுவே மூடிக்கிடுமே." விலைப் பேச்சு அங்கேயே முடிந்தது. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், வீட்டை அப்படித் தொட்டுப் பார்த்தவளைப் பார்த்ததில்லை. அவளிடம் கொடுப்பதில் எனக்குப் பெருமைதான் இருந்தது.

நான் பஸ் ஏறுகிற அன்று காலையில் அவள் என் அடுப்படியில் பால் காய்ச்சினாள். முதல் டம்ளர் எனக்கு. குடித்துவிட்டு, பழக்கத்தில் டம்ளரைக் கழுவ உள்ளே கால் வைத்தேன். வெங்கம்மா ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். "வைங்கக்கா. வீட்டுக்கு வந்தவுகள கழுவ விடுவேனா?" அன்பாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் பின்வாங்கினேன்.

இங்கே மருமகள் தங்கமானவள். சாவிக்கொத்தை வந்த அன்றே என் இடுப்பில் சொருகினாள். ஆனாலும் தினம் காலையில் அடுப்படி வாசலுக்கு வந்ததும் என் கால் நின்றுவிடுகிறது. "என்ன அத்தை, ஏதும் வேணுமா?" என்று அவள் கேட்கிறாள். ஒன்றும் வேண்டாம் தாயி என்கிறேன். வாங்க என்று உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.